உள்பக்கத்துப் பிஸ்மி

"மாடி சும்மாதானே கிடக்கு, நீ இஞ்சயே இரு" என்று அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லவில்லை. "ஆறப் போகுது மச்சி, இழு" என்று மட்டும்தான் சொன்னேன்.

நீ இழுத்தாய். தாள் ஒரே இழுப்பில் கழன்று வந்தது. தலையணை உறையில் அந்த ரோசாப்பூ ஓர் இதழும் குறையாமல் விழுந்திருந்தது. இரண்டு பேரும் பூவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பூவைப் பற்றித்தான் கதைத்தோம்.

இன்று காலை, வேலைக்குப் போவதற்காக வெள்ளை ஹிஜாபுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு நீலப் புள்ளி விழுந்தது. பேனை மை என்றுதான் முதலில் நினைத்தேன். இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தேன். மூக்குப் பக்கத்தில், நீராவி வரும் துளை ஒன்றுக்குள், வான நீலத்தில் ஏதோ இளகிக்கொண்டிருந்தது. மணம் வந்த பிறகுதான் விளங்கியது. பிளாஸ்டிக் உருகும் மணமும் புதுப் பருத்தித் துணி சூடேறும் மணமும் கலந்து ஒரு மணம் வருமே, அது. தாளில் உப்பைக் கொட்டி, சூடான பெட்டியை அதன்மேல் தேய்த்துத் தேய்த்து நாம் துடைத்தெடுத்த நீலம். எல்லாம் போய்விட்டது என்று அன்றைக்கு நீ சத்தியம் செய்யாத குறை. ஒரு துளைக்குள் இவ்வளவு காலமும் அது இருந்திருக்கிறது.

நான் ஹிஜாபை மாற்றவில்லை. புள்ளி காதுக்குப் பின்னால் வரும்படி மடித்துக் குத்திக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். பகல் முழுக்கப் புதுப் புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டினேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. "என்னகா, காதுக்குப் பின்னால புது மச்சம்?" என்று கேட்கக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்.

நம் தெருவில் பெண்பிள்ளைகள் பிரிந்து போவதில்லை. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வருவார். பெண் தான் பிறந்த வளவிலோ அதற்கு அடுத்த வளவிலோ, தன் பெயருக்கு எழுதிய வீட்டில் இருப்பாள். உம்மாவும் சாச்சிமாரும் ராத்தாமாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். அதனால்தானோ என்னவோ, சின்ன வயதிலிருந்தே நாம் ஒருவரையொருவர் இழந்துவிடலாம் என்று நினைத்ததே இல்லை. வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த கடப்பால் நீ வருவாய், நான் வருவேன். கிழவிகளாகிப் பல்லுப் போன பிறகும் அந்தக் கடப்பால் குனிந்து குனிந்து வருவோம் என்றுதான் இருந்தோம்.

ஆனால் அதற்கு ஒரு வீடு வேண்டும். உன் ராத்தாமார் இரண்டு பேருக்கும் உன் வாப்பா வீடு கட்டிக் கொடுத்திருந்தார். உனக்கென்று கடற்கரைப் பக்கம் ஒரு வளவு வாங்கி அத்திவாரமும் போட்டிருந்தார். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் கட்ட அரசாங்கம் விடவில்லை. சவளக்கடைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு போய் வயல்காரர்களுக்கு விற்றுவரும் மனிதர் இன்னொரு வளவுக்கு எங்கே போவார்? உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்தார்கள், பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றார்கள், "ஊடு எங்க?" என்று கேட்டார்கள், போனார்கள்.

நான் ஒரே பிள்ளை. கீழே உம்மாவுக்கும் மேலே எனக்கும் என்று வாப்பா கட்டத் தொடங்கினார். மாடிக்குச் சுவர் வைத்து, கூரை போட்டு, தேக்கில் கதவொன்றும் செய்வித்துவிட்டு, பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் மௌத்தாகிவிட்டார். அவர் போன பிறகு கதவு நிலையில் ஏறாமல் சுவரில் சாத்தியே கிடந்தது. உம்மா அங்கே மிளகாய் காயவைப்பார். அவ்வளவுதான் அந்த மாடிக்கு வேலை, நீ ஏறி வரும்வரைக்கும்.

நீ எங்கோ தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்துவிட்டு வந்தாய். ஒரு விதத் தாள் இருக்கிறது, அதில் படத்தை அச்சடித்து, துணியில் கவிழ்த்து வைத்து, சூடான இஸ்திரிப்பெட்டியால் அமர்த்தினால் படம் துணிக்கு வந்துவிடும் என்றாய். கல்முனைக் கடைத்தெருவில் அந்தத் தாளைத் தேடி நாம் அலைந்தது நினைவிருக்கிறதா? கொப்பிக் கடைக்காரர் முதலில் காபன் தாளை எடுத்துக் காட்டினார். பிறகு எண்ணெய்த் தாளைக் காட்டினார். கடைசியில் மேல்தட்டிலிருந்து தூசு தட்டி ஒரு பக்கட்டை எடுத்துக் கொடுத்து, "இதுக்கு என்ன பாவிப்பு எண்டு எனக்கே தெரியா தங்கச்சி, நீங்க கண்டுபுடிச்சா வந்து சொல்லுங்க" என்றார். மூடப்போகும் கொமினிகேஷன் கடையொன்றிலிருந்து ஒரு பழைய பிரிண்டரையும் நீ வாங்கி வந்தாய். ஓட்டோவில் அதைப் பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தாய்.

மேசை இல்லை. இஸ்திரிப் பலகை இதற்குச் சரிவராது, அது நெகிழும், அடியில் இறுக்கமாக இருக்கவேண்டும் என்று நீதான் சொன்னாய். சுற்றிப் பார்த்தாய். "இந்தா கிடக்கு" என்று வாப்பாவின் கதவைக் காட்டினாய். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாமெண்டா சொல்லு மச்சி. மாமாட கதவுதானே" என்றாய். நான் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். செங்கல் அடுக்கி அதன்மேல் கதவைக் கிடத்தினோம். பழைய படுக்கை விரிப்பை நாலாக மடித்து மேலே போட்டோம்.

"தேய்க்காத. அமத்து. அமத்திட்டு அப்படியே நில்லு" என்பாய். உடுப்புக்கு இஸ்திரி போட்டுப் பழகிய என் கை முன்னும் பின்னும் போகத்தான் பார்க்கும். போனால் படம் இழுபட்டுவிடும். மருதமுனை நெசவுத் துணி நமக்குப் பிடித்த துணிதான், ஆனால் அதன் தடித்த நூலுக்குள் மை இறங்காது. இரண்டு துவையலில் வெடித்துப்போகும். மெல்லிய பருத்தி வேண்டும். ஒருத்தி துணியின் இரண்டு மூலையையும் அமர்த்திப் பிடிக்க, மற்றவள் சூடு இறங்குவதற்குள் தாளை ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும். இடையில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். இது இரண்டு பேர் செய்யும் வேலை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நாம் இரண்டு பேராக இருந்தோம், அதனால் தோன்றவில்லை.

எழுத்து என்றால் திருப்பி அச்சடிக்கவேண்டும். அதைக் கற்றுக்கொள்ள நமக்கு ஒரு சட்டை வீணாய்ப் போனது. என்னோடு நூலகத்தில் வேலை செய்யும் மெதடிஸ்த அக்கா தன் கரோல் குழுவுக்குச் சட்டைகள் கேட்டபோது, எல்லாத் தமிழ் எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி அச்சடித்தோம். திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு, உனக்குத் திரும்பிய தமிழை வாசிப்பது தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. ஓட்டோவில் போகும்போது பக்கக் கண்ணாடியில் தெரியும் கடைப் பெயர்களையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வருவாய். ஓட்டோக்காரர், "தங்கச்சி, உங்களுக்கு முன்னால பாத்து இருக்கவே ஏலாதா?" என்று கேட்டார்.

பிறகுதான் குர்ஆன் பைகள் வந்தன. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமா, மத்ரஸாவுக்குக் கொண்டுவரும் பைகளில் ஒரே மாதிரி, 'அல்லாஹ்வின் பெயரால்' என்னும் பிஸ்மியை அரபியில் போட்டுத் தரச் சொன்னார். உன் ராத்தா வெள்ளைத் துணியில் பைகளைத் தைத்துத் தந்தாள். நீ வான நீலத்தைத் தேர்ந்தாய். அச்சடிக்கப் போகும்போது நான் கேட்டேன், "இதையும் திருப்பணுமா?"

நீ விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாய். "தமிழ் இடப்பக்கத்தால போற எழுத்து, அதத் திருப்பினம். அரபு வலப்பக்கத்தாலதானே போகுது? அது ஏற்கெனவே திரும்பின எழுத்து. இன்னொருக்காத் திருப்பினா எல்லாம் குழம்பிப் போகும்."

இவ்வளவு புத்தகம் வாசித்த நானும், "ஓம், சரிதான்" என்றேன்.

அந்தமுறை கிடைத்த தாள் ஆறவிட்டு இழுக்கும் வகை. அதனால் எல்லாப் பைகளுக்கும் அமர்த்தி முடித்து, கதவில் வரிசையாகப் பரப்பி ஆறவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தோம். பிறகு ஒவ்வொன்றாக இழுக்கத் தொடங்கினோம். நீ முதல் பையைப் பார்த்தாய். இரண்டாவதைப் பார்த்தாய். காய்ந்த மிளகாயை அள்ளிப்போக ஏறி வந்த உம்மாதான் சொன்னார்.

"என்ன புள்ளையள், பிஸ்மி அங்கால பாத்துக் கிடக்கு?"

"மாமி, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பாருங்க" என்றாய் நீ.

"எந்தப் பக்கம் வந்தாலும் அது அங்காலதான் பாக்குது."

"கண்ணாடில பாத்தாச் சரியா இரிக்கும் மாமி."

"அப்ப ஓத வாற புள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு கண்ணாடி குடு!" என்று உம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "யா அல்லா, இத இனி என்ன செய்யுற? குப்பைல போட ஏலுமா? நிலம் துடைக்க ஏலுமா?"

அதுதான் சிக்கல். பூவென்றால் பழந்துணியாகிவிடும். இது அல்லாஹ்வின் பெயர். எறிய முடியாது, மிதிபடும் இடத்தில் வைக்க முடியாது. பள்ளி மௌலவியிடம் கேட்டுப் புதைக்கலாம் அல்லது எரித்துச் சாம்பலைக் கடலில் விடலாம் என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். உன் ராத்தா தைத்த துணி அவ்வளவும் மண்ணுக்குப் போகப் போகிறது என்று எனக்கு அழுகை வந்தது. நீ ஒரு பையை எடுத்துக் கைவிட்டு உள்பக்கம் வெளியே வரப் புரட்டினாய். எழுத்து உள்ளே போனது. வெளியே வெறும் வெள்ளை.

"இதுல சரியா ஒண்டு போடுவம். மற்றது உள்ளுக்க இருக்கட்டும்."

"உள்ளுக்க பிழையா இரிக்குமே புள்ள" என்றார் உம்மா.

"அல்லாவுக்கு எந்தப் பக்கத்தாலயும் வாசிக்க ஏலும் மாமி."

உம்மா கோபமாக இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. மிளகாய்ச் சுளகை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் தையல் விளிம்புகள் தெரியாமல் லேஸ் வைத்துத் தைத்தேன். ஆலிமா பைகளை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கும் பிஸ்மி போட்டிருக்கீங்க! யாருக்கு வரும் இந்த யோசன!" என்று கண் கலங்கினார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அவர் அடக்கம் என்று நினைத்திருப்பார். உன் தோள் குலுங்கியது எனக்குத்தான் தெரியும்.

ஒரு பை மட்டும் கெட்டுப்போனது. வெளியே அமர்த்தும்போது உள்ளே ஒரு தாள் வைத்துப் பிரிக்கவேண்டும், அதில் வைக்க மறந்துவிட்டோம். உள்ளே இருந்த எழுத்து உருகி, எதிர்ப் பக்கத் துணியில் ஒட்டிக்கொண்டது. நீ பலமாக இழுத்துப் பிரித்தாய். பாதி எழுத்து இந்தப் பக்கம் நின்றது, பாதி அந்தப் பக்கம் போய்விட்டது. பெட்டியை நேராக அதன்மேல் வைத்துச் சரிசெய்யப் பார்த்தாய். நீலம் பெட்டியில் ஒட்டியது. பதறி நீ கையிலிருந்த பெட்டியைக் கதவில் வைத்துவிட்டாய், விரிப்புக்கு வெளியே, வெறும் பலகையில். தூக்கியபோது தேக்கில் பெட்டியின் அடையாளம் பழுப்பாகப் பதிந்திருந்தது.

நீ வாயைப் பொத்திக்கொண்டாய். "மாமாட கதவு" என்றாய்.

பரவாயில்லை என்றுகூட நான் சொல்லவில்லை. உப்பைத் தேடிக் கீழே போனேன். நீ திட்டியதெல்லாம் சரிதான்: "ஒரு லைப்ரரிய முழுங்கி வெச்சிரிக்காய், வாயத் தொறந்தா ஒரு புத்தகமும் வாறல்ல."

உப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது நீ பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். "இஞ்ச பாரன்" என்றாய். பிழையாக விழுந்திருந்த எழுத்தின் பாதி எதிர்ப் பக்கத்தில் ஒட்டியபோது மறுபடி திரும்பி, நேராக விழுந்திருந்தது. ஒரு பக்கம் திரும்பிய பிஸ்மி. அதைப் பார்த்தபடி மறுபக்கம் நேரான பிஸ்மி. இரண்டும் அரைகுறை. "இத விக்க ஏலா. இது உனக்கு" என்று என் கையில் தந்தாய்.

அதற்குப் பிறகு நீ ஆறவிட்டு இழுக்கும் தாளை வாங்கவே இல்லை. "ஆறின பொறகு பாக்கிற வேலை எனக்கு வேணாம்" என்றாய். சூட்டோடு இழுக்கும் தாள்தான். ரோசாப்பூவை அமர்த்திய அந்த நாளும் சூட்டோடு இழுக்கும் தாள்தான்.

கண்டிப் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தம். நல்ல மனிதர், பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவர்களிடத்தில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். ஊடு எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. உன் வாப்பா அன்றிரவு நெடுநாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார் என்று நீ சொன்னாய். யாரோ ஒரு மணப்பெண்ணின் தலையணை உறைக்கு நான் பெட்டியை அமர்த்திக்கொண்டிருந்தேன். நீ துணியின் மூலைகளைப் பிடித்திருந்தாய்.

"நாளைக்கு மறுமொழி கேக்கிறாங்க மச்சி. நான் என்ன சொல்ற?"

நான் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தேன்.

"சொல்லன். நீ என்ன நினைக்கிற?"

நான் என்ன நினைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். பூசாத அந்தச் சுவர்களைப் பார்த்தேன். ஓர் அறை, ஒரு குசினி, கடல் காற்று வரும் பக்கம் ஒரு யன்னல். இதில் நீ இருக்கலாம், உன் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு இங்கே வரலாம், எனக்கு யாராவது மாப்பிள்ளை வந்தால் கீழே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டை மகளுக்குக் கொடுப்பார்கள், தோழிக்குக் கொடுத்ததாக நம் தெருவில் யாரும் கேட்டதில்லை என்றும் நினைத்தேன். எல்லாவற்றையும்விட, இதை நான் சொல்லாமலே உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீ கடப்பால் வருவதற்கு என்றைக்கு என்னிடம் கேட்டாய்? மாடிப்படி ஏற என்றைக்குக் கேட்டாய்? தாளின் மூலை ஆறத் தொடங்கியிருந்தது. நீ கையை எடுத்து மூலையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

மற்றதை முதலிலேயே எழுதிவிட்டேன்.

கலியாணத்துக்குப் பிறகு நீ மலைக்குப் போனாய். நம் தெருவில் ஒரு பெண்ணை வழியனுப்புவது எப்படியென்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாருக்கும் பழக்கமில்லை. வேனுக்குப் பக்கத்தில் எல்லாரும் நின்றோம், அழுவதா சிரிப்பதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உன் வாப்பா மட்டும் ஐஸ் போட்ட மீன்பெட்டி ஒன்றை வேனின் பின்னால் ஏற்றிக்கொண்டே இருந்தார், ஏற்றி முடித்த பிறகும்.

முதலில் ஒவ்வொரு நாளும் கதைத்தாய். "இஞ்ச உடுப்பு காயுதே இல்ல மச்சி. ஈரத்தோடயே உடுத்திட்டுத் திரியிறன்." "சோறெல்லாம் நல்லம், இவரும் நல்லம். மீன்தான் செத்த மீன்." எங்கள் மீன் உயிரோடா வருகிறது என்று கேட்டேன். "எங்கட மீன் இப்பதான் செத்தது. இது எப்பவோ செத்தது" என்றாய். வரச் சொன்னாய். லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். பிறகு கிழமைக்கு ஒருமுறை. பிறகு பெருநாளைக்கு. கோபமொன்றும் இல்லை. உனக்கு வேலை இருந்தது, எனக்குத் தொலைபேசியில் கதைக்க வராது. பிரிண்டர் மாடியிலேயே இருந்தது. அதன் மை காய்ந்துபோனது. நூலகம் விட்டு வந்து நான் மாடிக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். வாசிக்கத்தான் போவேன். கடப்புப் பக்கம் சத்தம் கேட்டால் தலை தானாகத் திரும்பும். ஆடு வந்திருக்கும்.

நீ பிள்ளை உண்டாகியிருப்பதாகச் சொன்ன அன்று நிறையக் கதைத்தோம். பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குத்தான் வருவாய். முதல் பேறு உம்மா வீட்டில்தான் என்று மாப்பிள்ளை வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். ஏழாம் மாதம் வருவேன் என்றாய். உம்மா இருக்கும் ராத்தா வீட்டில் சத்தம், பிள்ளைகள், புழுக்கம் என்றாய். மாடியைப் பற்றி நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் புது மை வாங்கினேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு சின்னச் சட்டையில் சின்ன மீன் ஒன்று போடலாம் என்று நினைத்தேன். தனியாக முதல்முறை. தாளை இழுத்தபோது துணியும் சேர்ந்து எழும்பி வந்தது. பிடிக்க ஆளில்லை. மீனின் நடுவில் கோடு விழுந்தது. அடுத்ததற்கு நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். சட்டை சின்னது, செங்கல் பெரியது, மீன் விழவேண்டிய இடத்தையே செங்கல் மறைத்தது. பிறகு முழங்காலால் துணியை அமர்த்திக்கொண்டு, குனிந்து இழுத்தேன். சரியாக விழுந்தது. உன்னிடம் காட்டத் திரும்பினேன்.

அந்தச் சட்டைதான் கதவின்மேல் செய்த கடைசி வேலை. அடுத்த கிழமை மேசனையும் தச்சரையும் கூப்பிட்டேன். சுவர் பூசினார்கள். கதவைச் செங்கல்லிலிருந்து தூக்கி நிலையில் ஏற்றினார்கள். தச்சர் அந்தப் பழுப்பு அடையாளத்தைப் பார்த்துவிட்டு, சீவி எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அன்று பின்னேரம் உன்னை அழைத்தேன்.

"மாடிக்குக் கதவு போட்டுட்டன்" என்றேன்.

நீ கேட்டாய், "எந்தக் கதவு? நம்மட கதவா?"

"ஓம்."

"அயன் சுட்ட அடையாளம் எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

"நல்லம்" என்றாய். கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை, "நல்லம் மச்சி" என்றாய்.

நாம் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

நீ தந்த பையில்தான் இப்போதும் என் குர்ஆன் இருக்கிறது. விடியல் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஓதுவதற்காகக் கையை உள்ளே விடும்போது இரண்டு பக்கத்திலும் எழுத்துத் தட்டுப்படுகிறது. உள்ளங்கையில் ஒன்று, புறங்கையில் ஒன்று. துணி மெலிந்துவிட்டது. எழுத்து இன்னும் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. சட்டை மாடி யன்னலோரம் மடித்து இருக்கிறது. கதவு மழைக்கு ஊதி, சாத்தும்போது இறுகுகிறது.

நடந்தது இவ்வளவுதான். ஊருக்கு வரவிருந்த மாதத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். உன்னை அழைத்துவர வந்திருந்த உன் உம்மாவும் வாப்பாவும் ஆஸ்பத்திரியில் உன்னோடு இருந்தார்கள். சுபஹுக்கு முன் நீயும் வயிற்றிலிருந்த பிள்ளையும் மௌத்தாகிவிட்டீர்கள் என்று உன் ராத்தா கடப்பால் ஓடிவந்து சொன்னாள். வேன் பிடித்துப் புறப்பட்டோம். அம்பாறையைத் தாண்டிய பிறகு உம்மா, யன்னலைப் பார்த்தபடி, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்: "கலியாணத்துக்கு முந்தி நான் அவளிட்டக் கேட்டன். மாடிய எடு, இஞ்சயே ஒரு மாப்புளயப் பாப்பம் எண்டு. சிரிச்சாள். 'நீங்க சொன்னா அது சதக்கா மாமி, தருமம். அவள் சொன்னா அது வேற' எண்டாள்."

பகல் லுஹர் தொழுகையோடு உன்னை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எங்கள் வேன் அப்போது மஹியங்கனையைத்தான் தாண்டியிருந்தது.